சாமிக்குக் கீழே ஒரு சாண் இடம்

ஆடிப் பதினெட்டு அன்று ஊரெல்லாம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும். சிவகாசியில் அன்றைக்கு அடுத்த வருஷம் பிறந்துவிடும். காலண்டர் தயாரிப்பாளர்கள் பூஜை போட்டுப் புது ஆல்பத்தை வெளியிடும் நாள் அது. ஜனவரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போதே ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று படியேறத் தொடங்கிவிடுவார்கள்.

ஆல்பத்தைப் புரட்டினால் முருகன், லட்சுமி, மெக்கா, வேளாங்கண்ணி, அரசியல் தலைவர்கள், தொட்டில் குழந்தை, அருவி என்று எல்லாம் உண்டு. எல்லாத் தாளிலும் ஒன்று மட்டும் பொதுவானது: படத்துக்குக் கீழே எதுவும் அச்சிடாமல் விட்ட ஒரு பட்டை. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் ஏறவேண்டிய இடம். இந்தத் தொழிலின் சூட்சுமமே அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. பல வண்ணப் படத்தைத் தனக்கென்று அச்சிட்டுக்கொள்ள ஒரு முறுக்குக் கடைக்குக் கட்டாது. படத்தைப் பொதுவில் ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டுப் பெயரை மட்டும் தனியாக ஏற்றினால் கட்டும். பெரிய கம்பெனிகளின் சொத்தாக இருந்த விளம்பரப் பொருள் தெருமுனைக் கடைக்கு எட்டியது இப்படித்தான்.

சாமி படத்தைக் காட்டிச் சரக்கு விற்கும் வழக்கத்தைத் தொடங்கியது சிவகாசி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணியில், வண்ண அச்சில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். வியாபாரிகள் அதை ‘டிக்கெட்’ என்றார்கள். பிரிட்டிஷ் கம்பெனியின் பெயரை வாசிக்கத் தெரியாதவரும் கிருஷ்ணன் படத்தை வைத்துத் துணியை அடையாளம் சொல்லிவிடலாம். 1894இல் ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் தெய்வப் படங்கள் உள்நாட்டிலேயே பெருகின. பிறகு அந்த அச்சகத்தை வாங்கிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர், லேபிள், விளம்பர வேலைகளையும் எடுத்துச் செய்தார். 1920களில் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் குழந்தைக் கண்ணன் படத்தோடு காலண்டர் போட்டது. குழந்தை மருந்துக்கு அதைவிடப் பொருத்தமான விளம்பரம் வேறென்ன இருக்க முடியும்!

அந்தக் கால அச்சு முறைக்குப் பெயர் லித்தோ. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் அடிப்படை. பவேரியாவின் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை கொண்ட மையால் வரைந்து கல்லை நனைத்தால், வரைந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். பத்துக்கும் மேற்பட்ட கற்களில் ஒரே தாளை மாற்றி மாற்றி வைத்து எடுக்கும்போது இம்மி பிசகினாலும் சரஸ்வதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

சிவகாசிக்கு அச்சு வந்தது தீப்பெட்டியின் பின்னால். 1922இல் பி. ஐயநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பிறகு பட்டாசுக்கும் வேண்டும். வெளியூரில் அடித்து வாங்குவதைவிட உள்ளூரிலேயே அடித்தால் என்ன என்ற கணக்கில் லித்தோ அச்சகங்கள் முளைத்தன. மழை பொய்க்கும் கரிசல் சீமையின் வறண்ட காற்று மருந்து காயவும் உதவியது, அச்சுக்கும் உதவியது. ஈரம் பட்டால் காகிதம் நீளும். நீண்டால் வண்ணம் வண்ணத்தோடு பொருந்தாது. லேபிள் அடித்துக் கை பழகியவர்கள் காலண்டருக்குத் தாவியது அடுத்த படி.

படம் போட ஆள்? பக்கத்து ஊரான கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களோடு அவர் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் குடியேறின. நாடக மேடையின் தூண், திரை, தோரணம், சபையைப் பார்த்து நிற்கும் நிலை எல்லாம் அந்தப் படங்களில் அப்படியே இருக்கும். வருஷம் முடிந்தாலும் சாமி படத்தைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வராது. தேதியை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அடியிலிருக்கும் கடைப் பெயருக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுவார்கள்.

கல்லை ஓரங்கட்டிய ஆஃப்செட் பிறந்ததே காகிதத்துக்காக அல்ல, தகரத்துக்காக. கடினமான கல்லிலிருந்து கடினமான தகரத்தில் நேராக அச்சுப் பிடிக்காது என்பதால், 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே இடையில் ஓர் உருளையை வைத்து அதிலிருந்து தகரத்துக்கு மாற்றினார். பெயர் பொறித்த பிஸ்கட் டப்பாக்களின் காலம் அது. 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் இன்னொன்றைக் கவனித்தார். எந்திரத்தில் தாள் போடத் தவறினால் மை ரப்பர் உருளையில் ஏறிவிடும். அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பர் பதிக்கும் படம், முன்பக்கத்தை விடத் தெளிவாக இருந்தது. காகித ஆஃப்செட் எந்திரம் அதிலிருந்து வந்தது. பின்னாளில் கேமராவும் நான்கு வண்ணப் பிரிப்பும் சேர்ந்தபோது கல்லில் கையால் வரைகிற வேலையே போயிற்று.

படம் ஆஃப்செட்டுக்குப் போனபிறகும் பெயர் நெடுநாள் ஈய எழுத்திலேயே ஏறியது. சிவகாசியிலிருந்து வெற்றுக் காலண்டரை வாங்கி, உள்ளூர் ட்ரெடில் அச்சகத்தில் பெயர் போட்டுக்கொண்ட கடைகள் ஏராளம். கம்போசிடர் எழுத்துக் கோத்து முடுக்கிக் கொடுத்துவிடுவார். எந்திரக்காரர் காலால் மிதித்தபடி வலக்கையால் அட்டையை வைப்பார், இடக்கையால் எடுப்பார். வாய்போல் திறந்து மூடும் அந்த எந்திரத்தில் தாளம் தப்பினால் விரல் போகும். அட்டையின் பின்பக்கத்தைத் தடவினால் கடைப் பெயர் மேடாகக் கையில் படும்.

காலண்டரைப் போலவே கடைப் பெயரைச் சுமக்கும் துணிப்பைக்கு ஆஃப்செட், ஈய எழுத்து இரண்டுமே ஒத்துவராது. அங்கே வந்தது ஸ்க்ரீன் பிரிண்டிங். 1907இல் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் ஒளி பட்டால் இறுகும் பசையைப் பூசி, எழுத்துள்ள ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், எழுத்திருக்கும் இடத்தில் மட்டும் கண் திறக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு, பை முடிந்தது. மஞ்சள் துணியில் சிவப்பும் நீலமுமாக ஜவுளிக்கடைப் பெயர் தாங்கிய மஞ்சப்பை இந்த இழுப்பில் பிறந்ததுதான். கல்யாணத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் ஏறுவதும் இதில்தான். பிளாஸ்டிக் கவர் வந்து மஞ்சப்பையைக் கேலிப் பொருளாக்கியது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது.

இப்போது டிஜிட்டல் எந்திரத்தில் பிளேட்டும் இல்லை, ஃபிலிமும் இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு பெயர் போடலாம். காபி மக்கில் முகம் பதிக்கும் சப்ளிமேஷன் முறையில், தாளிலிருக்கும் சாயம் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஆவியாகி மக்கின் மேற்பூச்சுக்குள் இறங்குகிறது. ஒரே ஒரு மக் வேண்டுமென்றாலும் கிடைக்கும். ஆனால் வாடிக்கையாளர் எல்லாருக்கும் மக் கொடுக்க எந்த மளிகைக்கடைக்கும் கட்டாது. ஆயிரக்கணக்கில் அடித்த படத்துக்கு அடியில் பெயர் மட்டும் ஏற்றும் பழைய கணக்கு அங்கே இன்னும் செல்லுபடியாகிறது. ராகுகாலம் பார்க்கக் கைபேசியில் செயலி இருந்தும், டிசம்பர் பிறந்தால் கடைக்காரரிடம் “அண்ணாச்சி, காலண்டர் வந்திருச்சா?” என்று உரிமையோடு கேட்கிறார்கள். அவரும் பில்லோடு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, பாக்கி வைத்திருப்பவரிடம் மட்டும் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்.