வெட்டினாலும் அழியாத மாத்தாங் காடு

பாதுகாக்கப்பட்ட காடு என்றால் யாரும் கைவைக்காத காடு என்றுதான் நினைக்கிறோம். பேராக், மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் கதை வேறு. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள இங்கு நூறாண்டுக்கும் மேலாக மரம் வெட்டுகிறார்கள். காடு இன்னும் இருக்கிறது!

பாக்காவ் மரத்துக்கு 30 ஆண்டு தவணை. 15ஆம் ஆண்டில் 1.2 மீட்டர் கோலைப் பிடிப்பார்கள். ஒரு மரத்தை நிறுத்தி, அதைச் சுற்றிக் கோல் எட்டும் தூரத்தில் உள்ளவற்றை வெட்டிக் கழிகளாக விற்பார்கள். 20ஆம் ஆண்டில் கோல் 1.8 மீட்டர். 30ஆம் ஆண்டில் மீதி மரங்கள் கோலா செபெத்தாங் கரிச்சூளைகளுக்குப் போகும். தானாக முளைக்காத இடத்தில் கன்று நடுவார்கள். இறால் குளங்களுக்காக ஒரேயடியாக அழிந்த கடலோரக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோலின் அருமை தெரியும். சுற்றுலா போகிறவர்களோ மரப்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்!

கோலா செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885இல் நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இங்குதான் வந்தது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. இப்போது ரயில் இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழும் உண்டு.