லெடாங் மலை ஏறப் போகிறீர்களா? முதலில் சப்பாத்தைக் கவனியுங்கள்

ஜொகூர் மாநிலத்தின் ஆக உயரமான மலை குனோங் லெடாங். தங்காக் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி நிற்கிறது. உயரம் 1,276 மீட்டர். கினபாலுவோடு ஒப்பிட்டால் இது சின்ன மலைதான். ஆனால் ஏறி இறங்கப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்படும். லெடாங் இளவரசி மலாக்கா சுல்தானிடம் தங்கத்தில் ஒரு பாலமும் வெள்ளியில் ஒரு பாலமும் கேட்டதாகக் கதை உண்டு. இன்று அங்கே போகிறவர்களுக்குக் கிடைப்பது கயிறும் ஏணியும்தான்.

"குளுவாங்கில் லம்பாக் மலையே ஏறியாச்சு, இது என்ன பெரிசு?" என்று ஜாகிங் சப்பாத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. லம்பாக் 510 மீட்டர்தான். லெடாங்கில் சிரமம் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். களைத்த கால், ஈரமான வேர், வழுக்கும் பாறை மூன்றும் சேரும் நேரம் அது. கணுக்கால் பிசகினால் கூட வந்தவர்கள் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறும் காட்டுப்பாதையில் வண்டி வர முடியாது. ஆகவே உங்களிடம் இருக்கும் பணத்தை முதலில் காலுக்குச் செலவழியுங்கள். பையும் மற்றச் சாமான்களும் இரவல் வாங்கினாலும் பரவாயில்லை.

எந்தச் சப்பாத்து நல்லது? நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வேடிக்கையான பதில் உண்டு: 'அடிடாஸ் கம்போங்'. ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே அச்சில் வார்த்த ரப்பர் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாகப் பற்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் விடியற்காலைச் சேற்றில் இதைப் போட்டுத்தான் நடந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்றும் மலை வழிகாட்டிகள் பலர் இதைத்தான் போடுகிறார்கள். சேற்றில் பிடிப்பு நன்றாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, குழாயடியில் கழுவினால் போதும். பத்து, பதினைந்து வெள்ளிக்குச் சாமான் கடையிலேயே கிடைக்கும்.

அப்படியானால் எல்லாரும் இதையே வாங்கலாமா? வேண்டாம். வழிகாட்டியின் கால் பல வருடம் பழகிய கால். உள்ளே மெத்தை இல்லாத இந்தச் சப்பாத்தில் பாறைமேல் எட்டு மணி நேரம் நடந்தால், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் பாதம் எரியும்; முட்டியும் வலிக்கும். காற்று புகாததால் கால் வியர்த்து ஊறி, கொப்புளம் வரும். போட்டுத்தான் பார்ப்பேன் என்றால் ஓர் அளவு பெரிதாக எடுத்து, உள்ளே மெத்தை அட்டை வைத்து, முதலில் பூலாய் மலை மாதிரி சிறிய மலையில் பழகுங்கள்.

புதிதாக ஏறுகிறவர்களுக்குக் காட்டுப்பாதை ஓட்டச் சப்பாத்தே பெரும்பாலும் பொருந்தும். அடிப்பகுதியின் பற்கள் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்கட்டும். நெருக்கமான பற்களில் சேறு அடைத்துக்கொள்ளும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காதபடி ஒரு கட்டை விரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லையென்றால் கால் நகம் கருத்து விழும்.

'வாட்டர்புரூஃப்' என்றால் விலை ஏறும். நம் ஊர் மழையில் தண்ணீர் மேலே கணுக்கால் வழியாகத்தான் இறங்குகிறது. உள்ளே போன தண்ணீர் அந்தச் சப்பாத்திலிருந்து லேசில் வெளியேறாது. சீக்கிரம் காயும் வலைத்துணிச் சப்பாத்துக்கே என் ஓட்டு. பருத்திக் காலுறை வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரிக்கும். அட்டைக்கடிக்குப் பயந்தால், முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையை மேலே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கடைசியாக எப்போதோ போட்ட விலையுயர்ந்த பூட்ஸ் அலமாரியில் புத்தம்புதிதாக இருக்கிறதா? எடுத்து வளைத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் இருக்கும் பாலியூரிதேன் மெத்தை, நம் காற்றின் ஈரத்தில் போடாமலேயே மக்கிப்போகும். வீட்டில் நன்றாக இருந்தது மலையில் இரண்டே மணி நேரத்தில் வாயைப் பிளக்கும். எதற்கும் பையில் கொஞ்சம் ஒட்டுநாடா வைத்திருங்கள்.

பை 20 முதல் 25 லிட்டர் போதும். இடுப்புப் பட்டை உள்ளதாக, முதுகோடு ஒட்டி நிற்பதாக இருக்கட்டும். ஏணியில் பை ஆடினால் ஆபத்து. கயிறு பிடிக்கக் கையுறை, மழைக்கோட்டு, விசில் வேண்டும். ஊன்றுகோல் மடிக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள், ஏணியில் இரண்டு கையும் வேண்டும்.

தலைவிளக்கை விட்டுவிடாதீர்கள். காலையில்தானே போகிறோம் என்று தோன்றும். ஜொகூரில் சூரியன் ஏழு மணி வாக்கில் மறைகிறது, மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும், உதவிக்கு அழைக்கவும் மின்கலம் மிஞ்சாது.

பூங்காவை ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம் நிர்வகிக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். பதிவு செய்யும்போதே பாதை இப்போது எப்படி இருக்கிறது, சேறு அதிகமா என்று கேட்டுவிடுங்கள். புதுச் சப்பாத்து வாங்குவதாக இருந்தால், அதைப் போட்டு இரண்டு மூன்று வாரமாவது நடக்க நேரம் இருக்கும்படி வாங்குங்கள்.