ஜொகூர் வழியே சென்ற இறுதியாட்டம்

1943 ஜனவரியில் சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கியில், ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் ஓர் இறுதியாட்டம் ஆடினார்கள். ஆடியது அவர்கள் நாட்டுக்கே உரிய ஆஸ்திரேலியக் கால்பந்து. ஒரு பக்கம் விக்டோரியா மாநிலத்தார். எதிர்ப்பக்கம் 'மற்ற ஆஸ்திரேலியா'. பார்க்கத் திரண்டவர்கள் பத்தாயிரம் பேர் என்கிறது வரலாறு. அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குப் பதக்கமும் கிடைத்தது.

ஜொகூர் தோட்டங்களில் ஜப்பான்காரன் காலம் எப்படிக் கழிந்தது என்பதற்கான சான்றுகளைத் தேடித் திரட்டுவது என் வேலை. அந்தத் தேடலின் நடுவே இந்தச் செய்தி எதிர்ப்பட்டபோது எளிதில் நம்ப முடியவில்லை. அரைவயிற்றுச் சோற்றில் கிடந்தவர்கள் லீக் நடத்தினார்களா? போர்க்காலக் கதைகள் சொல்லச் சொல்ல வளர்பவை. ஆகவே எந்தக் கதையையும் சோதிக்கும் மூன்று கேள்விகளையே இதனிடமும் கேட்டேன். ஆடியவர்கள் யார்? ஆடிய இடம் எது? சாட்சி என்ன?

முதல் கேள்வியின் தடம் ஜொகூரிலேயே தொடங்குகிறது. 1941 ஆகஸ்டு இறுதியில் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷன் தன் தலைமையகத்தை ஜொகூர் பாருவுக்கு மாற்றியது. அதன் ஒரு பகுதி கிழக்குக் கரையில் மெர்சிங்கைக் காத்தது. விக்டோரியாவில் திரட்டப்பட்ட 2/29ஆம் பட்டாளம் சிகாமாட்டில் தங்கியது. தம்போய் மனநல மருத்துவமனைக் கட்டடங்களில் ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவமனை ஒன்று இயங்கியது. விக்டோரியாக்காரர்களுக்கு இந்தக் கால்பந்து ஊர்த் திருவிழா போன்றது. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களிலோ ரக்பிக்குத்தான் மவுசு. 'விக்டோரியாவுக்கு எதிராக மற்றவர்கள்' என்று அணி பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1942 ஜனவரி 14 அன்று கிம்மாஸ் அருகே ஆஸ்திரேலியர்கள் முதன்முதலாக ஜப்பானியரை மறித்தார்கள். நான்கு நாள் கழித்து மூவாருக்கு அருகே பக்ரியில் 2/29ஆம் பட்டாளத்தின் தளபதி ராபர்ட்சன் கொல்லப்பட்டார். பட்டாளத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஜனவரி 22 அன்று பாரிட் சூலோங்கில் பின்தங்கிய காயம்பட்டவர்களை, ஆஸ்திரேலியரும் இந்தியருமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, ஜப்பானியர் கொன்று குவித்தார்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியர்கள் கைதிகளானார்கள். ஓராண்டுக்குப் பிறகு சாங்கியில் பந்துக்குப் பின்னால் ஓடியவர்கள் இவர்களில் மிஞ்சியவர்களே.

இரண்டாவது கேள்வி இடம் பற்றியது. சாங்கி என்றதும் உயர்ந்த சிறைச்சுவர்கள் நினைவுக்கு வரும். சுவருக்குள் எப்படிப் பத்தாயிரம் பேர் கூடியிருக்க முடியும் என்ற ஐயமும் எழும். சிறைக்கட்டடத்தின் வரலாற்றைத் தனியாகப் படித்ததும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 1944 வரை சிறைக்குள் அடைபட்டிருந்தவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள். ராணுவக் கைதிகள் சுற்றிலும் பரந்திருந்த பிரிட்டிஷ் படைமுகாம்களில் இருந்தார்கள். ஆஸ்திரேலியர்களின் இடம் செலாராங். அங்கே வெளி இருந்தது. தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்திட மறுத்ததற்காக 1942 செப்டம்பரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஜப்பானியர் ஒரே சதுக்கத்தில் நெருக்கி வைத்ததும் இதே செலாராங்கில்தான்.

மூன்றாவது கேள்விக்கான விடை கான்பராவில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் உள்ள அந்தப் பதக்கத்தைச் 'சாங்கி பிரவுன்லோ' என்கிறார்கள். பிரவுன்லோ பதக்கம் 1924 முதல் விக்டோரியா கால்பந்து லீக்கில் நேர்மையிலும் திறமையிலும் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்பட்டுவந்தது. அதை 1933-ல் பெற்ற ஃபிட்ஸ்ராய் கிளப்பின் வில்ஃபிரட் ஸ்மால்ஹார்ன் சாங்கியில் கைதியாக இருந்தார். 'சிக்கன்' என்ற செல்லப்பெயர் கொண்ட இவர்தான் லீக்கை முன்னின்று அமைத்தவர். மெல்பர்ன் கிளப்புகளின் பெயர்களை அணிகளுக்குச் சூட்டினார்கள். நடுவர்கள், பயிற்றுநர்கள், தேர்வுக்குழு, முறைகேடாக ஆடியவரை விசாரிக்க ஒரு தீர்ப்பாயம் என எல்லாம் இருந்தன.

பதக்கத்தின் காலத்தை ஊர் நடப்போடு ஒப்பிட்டபோது என்னை உலுக்கிய செய்தி கிடைத்தது. போரை முன்னிட்டு 1942 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவில் பிரவுன்லோ பதக்கம் யாருக்குமே வழங்கப்படவில்லை. தாய்நாட்டில் நிறுத்திவைத்த மரபைக் கைதிகள் அயல்மண்ணில் தொடர்ந்திருக்கிறார்கள். நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், இன்று நேர்மையாக ஆடியவர் யார் என்று உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மனிதர்களாக வாழ்வதற்கு அவர்கள் கண்ட வழி அது.

பதக்கம் பெற்றவர் பீட்டர் சிட்டி. இங்கே தேடல் சற்றுத் தடம் மாறியது. மலாயாவின் பழைய நாளேடுகளில் சிட்டி என்று தேடினால் செட்டியார்களின் வழக்குகளும் மலாக்கா சிட்டிகளின் செய்திகளுமே வந்து விழுகின்றன. ஆஸ்திரேலிய நாளேடுகளைத் தேடினால் வேறொரு சிட்டி வருகிறார். கார்ல்டன் அணியின் ஆட்டத் தலைவர் பாப் சிட்டி, பீட்டரின் உடன்பிறந்தவர். ஒருவரின் செயலை மற்றவர்மேல் ஏற்றிவிடாமல் ஆண்டையும் கிளப்பையும் வைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. பீட்டர் 1936-ல் செயின்ட் கில்டாவுக்காக இரண்டே ஆட்டங்கள் ஆடியவர்; போரில் ஆம்புலன்ஸ் வாகனப் பிரிவில் பணியாற்றியவர்.

பாப் சிட்டியின் இறுதியாட்டம் வேறு. 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். பதினேழு நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, மெல்பர்னில் கார்ல்டனும் சவுத் மெல்பர்னும் மோதின. வழக்கமான பெரிய மைதானம் ராணுவத்தின் வசம் இருந்ததால் ஆட்டம் பிரின்சஸ் பார்க்கில் நடந்தது. 62,986 பேர் பார்த்தார்கள். உள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் கார்ல்டன் 103, சவுத் மெல்பர்ன் 75. குத்தும் அடிதடியும் மலிந்ததால் அதற்கு 'ரத்தக் குளியல்' என்றே பெயர். பாப் சிட்டிக்கும் எட்டு ஆட்டத் தடை விழுந்தது. சுதந்திர நாட்டில் அண்ணன் தம்பியில் ஒருவர் முரட்டு ஆட்டத்துக்காகத் தண்டனை பெற்றார். சிறைமுகாமில் மற்றவர் நேர்மையான ஆட்டத்துக்காகப் பதக்கம் பெற்றார். இரண்டையும் சான்றோடு நம்மால் சொல்ல முடிகிறது.

சாங்கி லீக்குக்கு ஒரே பருவம்தான் ஆயுள். இறுதியாட்டம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1943 ஏப்ரலில் 7,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் கொண்ட 'எஃப் ஃபோர்ஸ்' சயாம்-பர்மா ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பப்பட்டது. 2/29ஆம் பட்டாளத்தாரும் அதில் இருந்தார்கள். மூடிய சரக்கு வண்டிகள் ஜொகூர் நீரிணைப் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமாட், கிம்மாஸ் வழியாக வடக்கே ஓடின. தாங்கள் காத்து நின்ற, தோழர்களைப் புதைத்த மண்ணின் வழியாகவே அவர்கள் போனார்கள். பான்போங்கில் இறங்கி 300 கிலோமீட்டர் இரவு இரவாக நடந்தார்கள். 7,000 பேரில் 3,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பீட்டர் சிட்டியும் மரண ரயில் பாதை எனப்பட்ட அந்தப் பாதையில் உழைத்து உயிரோடு மீண்டவர்.

எஃப் ஃபோர்ஸ் கைதிகள் நடந்த வழியில் ஆசியத் தொழிலாளர் முகாம்கள் இருந்தன. அங்கே காலரா பரவியிருந்தது. இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியர்களின் தடமும் நான் முதலில் தேடிவந்த தடமும் ஒன்றாகச் சேர்கின்றன. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கொஞ்ச மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும், மிரட்டிப் பிடித்தும் ஏற்றினார்கள். ஜொகூர்த் தோட்டங்களின் லயங்களிலிருந்து போனவர்களும் அதே தண்டவாளத்தில்தான் வடக்கே சென்றார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபர் 17 அன்று கொன்கோயிட்டாவில் இணைந்தபோது மலாயாத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் இறந்திருந்தார்கள்.

இறந்த ஆஸ்திரேலியரின் பெயர், படை எண், பிரிவு, இறந்த நாள் ஆகிய நான்கும் பதிவில் உள்ளன. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் நிற்கின்றன. ஒரு முகாம் ஆட்டத்தைக்கூட எண்பது ஆண்டு கழித்து ஜொகூரில் இருந்தபடி என்னால் சரிபார்க்க முடிகிறது. இதற்குக் காரணம் அவர்களின் துயரம் நம்முடையதைவிடப் பெரியது என்பதன்று. எழுதி வைக்க ஓர் அதிகாரி, பதக்கத்தைப் பாதுகாக்க ஒரு நினைவகம், கேட்டு வாங்க ஓர் அரசு என்று தொடர்ச்சியாக ஆட்கள் இருந்தார்கள். நம் பக்கம் அந்தத் தொடர்ச்சியை ஏற்படுத்தியவர்கள் எழுத்தாளர்களும் குடும்பங்களும்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லாவிட்டால் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த வரலாறு எட்டியிருக்காது.

நாவல்களோடு நின்றுவிடாமல் இனிப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். சாங்கி ஆட்டத்தைச் சோதித்த அதே முறை இதற்கும் போதும். போனவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கூடப் போனவர்கள் யார், திரும்பியவர் யார் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் எழுதலாம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகம், கோயில் நன்கொடைப் பட்டியல், பழைய அடையாள அட்டை, பெட்டிக்குள் கிடக்கும் கடிதம் எல்லாமே சான்றுகள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதோடு ஒப்பிட்டு, ஒரு நகலைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜொகூர்க் கிளையிலும் சேர்த்துவிட்டால் அது ஆவணமாகிவிடும். போய் வந்தவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள்.