பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

தமிழில் ஏலம் என்று எழுதினால் இரண்டு பொருள். ஒன்று ஏலக்காய். அது இந்த மலைகளின் பழைய சொல். ஏலச்செடிக்குத் தாவரவியலாளர்கள் வைத்திருக்கும் எலெட்டாரியா என்ற பெயரே மலையாளத்து ஏலத்தரியிலிருந்து போனதுதான். இன்னொன்று, கூவி விற்கிற ஏலம். இது போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்து இறங்கியது. அவர்களுடைய லெய்லாவ், நம்ம வாயில் முன்னெழுத்தைத் தொலைத்துவிட்டு ஏலம் ஆகிவிட்டது. இரண்டு ஏலமும் சந்திக்கிற ஊர் போடிநாயக்கனூர். இடுக்கி மலையில் விளையும் காய் அங்கேயும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை போகிறது.

காயின் கணக்கு எளிது. எட்டு மில்லிமீட்டருக்கு மேலே பருமன், நல்ல பச்சை, சரியான காய்ச்சல் இருந்தால் விலை. வயசானால் நிறம் போகும், நிறம் போனால் விலையும் போகும். எல்லாச் சரக்குக்கும் இதுதான் விதி. காருக்கும் இதே விதிதான், ஒரு கட்டம் வரைக்கும். அதன்பிறகு விலை திரும்பி ஏற ஆரம்பிக்கிறது. அந்தத் திருப்பம் வரை ஒரு வண்டி உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி.

2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு ஏலம் நடந்தது. 1955-ஆம் ஆண்டின் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே. செய்ததே இரண்டு வண்டிதான். அதில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அதற்கு முன்னால் 2018-இல் கலிஃபோர்னியாவில் 1962-இன் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4.84 கோடி டாலருக்கு விற்றிருந்தது. இந்த விலைகள் எங்கிருந்து வருகின்றன? வேகத்திலிருந்தோ சொகுசிலிருந்தோ வருவதில்லை. மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை மிஞ்சியிருக்கிறது? எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறதா? இதுவரை யார் யார் கையில் இருந்தது? கடைசிக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வேண்டும். நம்மூரில் நிலம் வாங்குபவர் மூலப்பத்திரம் கேட்பார் இல்லையா, அதே மாதிரி.

இந்தியாவில் இந்தக் கதை மன்னர்களோடு தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன்பு சமஸ்தானங்கள் நூற்றுக்கணக்கில் ரோல்ஸ்ராய்ஸ் வாங்கின. 1971-இல் இந்திரா காந்தி அரசு மன்னர் மானியத்தை ஒழித்தது. அதற்கு முன்பே அரண்மனைக் கொட்டகைகள் காலியாகத் தொடங்கியிருந்தன. ராஜ்கோட் மன்னரின் 1934-ஆம் ஆண்டு ரோல்ஸ்ராய்ஸ், ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்று பெயர் பெற்ற காவி நிறக் கார், அறுபதுகளிலேயே வெளிநாடு போய்விட்டது. 1972-இல் மத்திய அரசு பழைய கார்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மிச்சமிருந்தவை நாட்டில் தங்கின. ஆனால் தங்கியதாலேயே காப்பாற்றப்பட்டன என்று சொல்ல முடியாது. வெளியில் விற்கவும் வழியில்லை, உள்ளே மதிப்புத் தெரிந்த ஆளும் குறைவு. பல வண்டிகள் கொட்டகையிலேயே துருப்பிடித்தன. ராஜ்கோட் குடும்பம் 2010-இல் மொனாக்கோவில் நடந்த ஏலத்தில் பணம் கொடுத்துத் தன் தாத்தா காரைத் திருப்பி வாங்கியது. விற்றபோது அது பழைய கார். வாங்கும்போது அது வரலாறு.

இங்கே பழைய கார் ஏலம் என்று வெளிப்படையாக ஒன்று உருவாக வெகுகாலம் ஆனது. வியாபாரம் வாய்வழியாகத்தான் நடந்தது: “இன்னார் வீட்டுல ஒரு ஆஸ்டின் நிக்குதாம், பெரியவரு காலமாயிட்டாரு, பையன் அமெரிக்காவுல.” மும்பையின் ஆஸ்டாகுரு நிறுவனம் இணையத்தில் பழைய கார்களை ஏலம் விட்டதே 2018-இல்தான்.

தேனிக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு ‘நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்கலாம். நம் பள்ளத்தாக்கின் கிளாசிக் வண்டி ரோல்ஸ்ராய்ஸ் கிடையாது. ஜீப்.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சிக் கிடந்த ராணுவச் சரக்கு விற்பனைக்கு வந்தது. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சில் நிலைத்தது அப்படித்தான். கொஞ்ச காலத்தில் மஹிந்திரா இங்கேயே ஜீப் பூட்ட ஆரம்பித்தது. 1959-இல் காமராஜர் வைகை அணையைத் திறந்துவைத்த காலம், அரசாங்கம் என்றாலே ஊர்க்காரர் கண்ணுக்கு ஒரு ஜீப் தெரிந்த காலம். பொதுப்பணித் துறை, வனத்துறை, வருவாய்த் துறை, பி.டி.ஓ. ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் முகம். புழுதி கிளம்பினால் ‘யாரோ ஆபீசர் வாராரு’ என்று அர்த்தம்.

அந்த ஜீப்புகளின் இரண்டாம் வாழ்க்கை ஏலத்தில்தான் தொடங்கியது. அரசு வாகனம் ஓடி முடிந்ததும் ‘கண்டம்’ செய்வார்கள். நாளிதழில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். வண்டி உள்ளது உள்ளபடிதான். ஓட்டிப் பார்க்க முடியாது, பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலையிலிருந்து கூவல் ஏறும். எடுத்தவர் வரியும் கட்டிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போவார். பட்டறையில் அது வேறு பிறவி எடுக்கும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகளிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும், வளைவில் உயிர் போவதும் அதன் இருட்டுப் பக்கம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் கூலியும் காயும் அந்தச் சக்கரங்களில்தான் மலை ஏறி இறங்கின.

சர்வதேச ஏலக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட ஜீப்பைப் பார்த்தால் முகம் சுளிப்பார். பாடி ஒரு வருஷம், எஞ்சின் ஒரு வருஷம், கியர்பாக்ஸ் வேறு வண்டியுடையது. எண் பொருந்தாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், மாற்றி மாற்றி ஓட்டியதால்தான் அது மிஞ்சியது. வேலைக்கார வண்டியின் வரலாறு அதன் ஒட்டுக்களில்தான் இருக்கிறது. அரண்மனை கார் தூங்கிப் பிழைத்தது, ஜீப் உழைத்துப் பிழைத்தது.

‘யார் கையில் இருந்தது’ என்ற கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில்களும் உண்டு. 1984 தேர்தலில் வைகை அணை இருக்கும் ஆண்டிபட்டித் தொகுதியில் எம்.ஜி.ஆர். நின்றார். தொகுதிக்கு வரவே இல்லை. நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஜெயித்தார். அவருடைய அம்பாசடர், டி.எம்.எக்ஸ். 4777, இன்று சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. அம்பாசடர் என்ற மாடல் லட்சக்கணக்கில் ஓடியது, 2014-இல் உற்பத்தி நின்றது. அந்த ஒரு வண்டியை மட்டும் ஜனம் வரிசையில் நின்று பார்க்கிறது. வரிசையைக் கூட்டியது இரும்பு அல்ல, அதோடு ஒட்டிக்கொண்ட கதை.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த இரண்டு அரசு விதிகள். முதலாவது 2021 ஜூலையில் வந்தது. ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து. தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். பழைய வண்டிக்கு இந்தியச் சட்டம் முதன்முறையாகக் கொடுத்த மரியாதை இது.

இரண்டாவது, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது. பதினைந்து வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படாது. அவை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்துக்குப் போக வேண்டும். ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உரிய சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிக்கப்பட ஐம்பது வயது வேண்டும், ஆனால் அரசு வண்டிக்கு ஆயுசு பதினைந்து. நடுவில் இருக்கும் முப்பத்தைந்து வருஷத்தை அது எப்படித் தாண்டும்? முன்பு அந்தப் பாலமாக இருந்தது ஏல மைதானம். ஒரு விவசாயியோ மெக்கானிக்கோ தோட்டக்காரரோ எடுத்து, ஒட்டுப்போட்டு, ஐம்பது வரை இழுத்து வந்தார். உடைப்பு மையத்தில் இரும்பை எடை போடுவார்கள், கதையை எடை போட மாட்டார்கள்.

உடைப்பு விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழைய டீசல் எஞ்சினின் புகையை மலையும் மலைமேல் மூச்சுவிடுகிறவர்களும் சுமக்கிறார்கள். பிரேக் பிடிக்காத வண்டியில் பதினைந்து பெண்களை ஏற்றிப் போவதைப் பாரம்பரியம் என்று எவரும் வாதாட முடியாது. தெருவிலிருந்து அவை இறங்கத்தான் வேண்டும். ஆனால் தெருவிலிருந்து இறங்குவதும் உலகத்திலிருந்தே மறைவதும் ஒன்றல்ல. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் ஒரு கார் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். சென்னையில் ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் ஒன்று திறந்தது. இரண்டும் தனியார் முயற்சி, பெரும்பாலும் சேகரிப்பாளர் ஆசைப்படுகிற வண்டிகள். மலையேறிய ஜீப்புக்கும், தாலுகா ஆபீஸ் அம்பாசடருக்கும் ஆசைப்படுகிறவர் யார்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. துறைக்கு ஒரு வண்டி, உடைப்பு மையத்துக்கு அனுப்பும் முன் எடுத்து வைத்தால் போதும். கூடவே அதன் லாக் புத்தகமும்: எந்தத் தேதியில் எங்கே போனது, யார் ஓட்டினார், எத்தனை லிட்டர் அடித்தது. அணைப் பூங்காவுக்கு வருகிற ஜனங்களுக்கு ராட்டினம் இருக்கிறது, பொம்மைகள் இருக்கின்றன. ஒரு ஓரத்தில் ஒரு ஜீப் நிற்க இடமா இல்லை? ஐம்பது வருஷம் கழித்து ஏலக்காரர்கள் அதற்கு என்ன விலை சொல்வார்களோ தெரியாது. அந்த லாக் புத்தகத்தில் ஓட்டுநராகக் கையெழுத்துப் போட்டவரின் பேத்தி வந்து பார்ப்பாள். அவளுக்கு வண்டி நம்பர் முக்கியமில்லை, தாத்தா கையெழுத்து முக்கியம்.