சப்வூஃபருக்கும் ஒரு சரித்திரம் உண்டு

நமதூர்த் தம்பிமார் காருக்கு சப்வூஃபர் பூட்டும் காலம் இது. அதன் கதையையும் கொஞ்சம் அறிந்து கொள்வோம்.

1930இல் அமெரிக்காவின் கல்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வால்வு ரேடியோவுக்கு காரின் 6 வோல்ட் பெட்டரி போதவில்லை. கூடுதல் பெட்டரிகள் தேவைப்பட்டன. 1955இல் கிறைஸ்லர் கார்களுக்கு பில்கோ செய்த டிரான்சிஸ்டர் ரேடியோ, உயர் வோல்ட் தேவையை நீக்கியது.

ஆனால் 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 18 வாட்தான் கிடைக்கும். அடித்தொனிக்கு அது காணாது. அதனால்தான் வோல்ட்டைக் கூட்டும் தனி அம்ப்ளிஃபயர் வந்தது.

அது பெட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் அதிகம். வயர் உரசிக் காரின் தகரத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம். ஆகவே பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். பாட்டு பிறகு.