பூனைப் பொம்மைக்கு ஒரு பரீட்சை



போன மாதம் எங்கள் வீட்டுப் பூனை இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. வாந்தி வேறு. கால்நடை மருத்துவர் அதன் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு நூல் சுற்றியிருந்தது, மறுமுனை வயிற்றுக்குள். பேத்தி ஆசையாக வாங்கிவந்த இறகுப் பொம்மையின் நூல்.

"பிடிச்சு இழுத்தீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "நல்லவேளை" என்றார். ஒரு முனை சிக்கிக்கொண்டால் சுருக்குப்பை போலக் குடல் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். பூனை நாக்கின் முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால், வாயில் போன நூலைத் துப்புவதும் அதற்குக் கடினம். அறுவை செய்துதான் பிழைத்தது.

ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். பூனை தறிப்பக்கம் வந்தாலே அப்பத்தா விரட்டுவார். நூல் பாழாகும் என்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். "தின்னா செத்துப்போகும்டா" என்று அவர் சொன்னது அறுபது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பாடம் நடத்திய பழக்கம் விடுமா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே பூனையையும் புதைத்திருக்கிறார்கள். தானியம் வந்தது, எலி வந்தது, பின்னாலேயே பூனையும் வந்தது. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயரைக் 'குட்டி' என்கிறது. நாம் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல் குதிர்களிலும் போடி ஏலக்காய்க் கிடங்குகளிலும் பூனைக்கு வேலை இருந்தது. வேட்டையே அதன் விளையாட்டு. இன்று கதவடைத்த வீட்டில் எலி இல்லை. அதனால்தான் பொம்மை தேவைப்படுகிறது.

குழந்தைகளின் பொம்மைக்குச் சட்டம் உண்டு. மத்திய அரசின் 2020 தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலில் போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே அடங்கும் சிறு துண்டு, தொண்டையில் சிக்கும் துண்டு. ஆனால் அந்த ஆணை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. பூனைப் பொம்மை அதில் வராது. சோதிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பொம்மைக்கும் பரீட்சை உண்டு. கண், மணி, இறகு எல்லாவற்றையும் கையால் பலமாக இழுத்துப் பார்ப்பேன், கழன்றால் ஃபெயில். வாய்க்குள் முழுதாகப் போகும் அளவென்றால் ஃபெயில். ரப்பர் பேண்ட், ஜிகினா நூல், ஊசி நூல் மூன்றுக்கும் தேர்வெழுதவே அனுமதி இல்லை. கயிறு கட்டிய குச்சிப் பொம்மை நாம் கையில் பிடித்து ஆட்டும்போது மட்டும், முடிந்ததும் பீரோவுக்குள். பாஸானதையும் முதல் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பேன். கடித்துப் பிய்த்தால் குப்பைக்கு.

முதல் மதிப்பெண் வாங்கியவை எவை தெரியுமா? 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்தும், ஸ்டேபிள் பின் பிடுங்கிய வெறும் அட்டைப் பெட்டியும். பந்து விரிசல் விட்டால் மாற்றிவிட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால், தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த ஒரு வரியை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்