அப்ரண்டிஸும் டிரெய்னியும்

ஆங்கிலத்தில் 'அப்ரண்டிஸ்', 'டிரெய்னி' ஆகிய இரு சொற்களும் தொழில் கற்போரையே குறிப்பன. ஆயினும், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் வளர்ந்துவந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து நுழையும் இளைஞர்க்கு, பணி ஆணையில் எச்சொல் உள்ளது என்பது சிறு செய்தி அன்று. இவ்விரு சொற்களின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

'அப்ரண்டிஸ்' என்பது கற்றலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதன் இலத்தீன் மூலத்திற்குப் 'பற்றுதல்' என்பது பொருள். கற்பவன் தானே பற்றுகிறான். இச்சொல் ஆங்கிலத்தில் வினையாகவும் வரும். அப்போது ஒருவனை ஆசானிடம் ஒப்பந்தத்தால் பிணித்தலைச் சுட்டும். 1563ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் இப்பிணைப்புக்கு ஏழாண்டு விதித்தது. இந்தியாவில் 1850ஆம் ஆண்டுச் சட்டம், அநாதைகளும் ஏழைகளுமான சிறாரைத் தொழில் கற்க இவ்வாறு ஒப்படைக்க வழிசெய்தது. கற்பிக்கும் கடமை ஆசானையும் கட்டியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

'டிரெய்னி'யின் வேர்ப்பொருளோ 'இழுத்தல்'. ரயிலைக் குறிக்கும் 'டிரெய்ன்' என்பதும் இவ்வேரினதே. இதன் ஈற்றிலுள்ள 'ஈ' விகுதி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டமொழியில் புகுந்து, செயலுக்கு உள்ளாகும் ஆளைக் காட்டுவது. எம்ப்ளாயர்–எம்ப்ளாயி, டிரெய்னர்–டிரெய்னி என்னும் இணைகளில் இது தெளிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த இச்சொல் வினையாக வாராது. ஒப்பந்தம் என்னும் பொருளும் இதனுள் இல்லை.

இந்தியச் சட்டத்தில் இவை சந்தித்த விதம் வியப்பிற்குரியது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அப்ரண்டிஸையும் தொழிலாளி என்னும் வரையறைக்குள் சேர்த்திருந்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமோ, அப்ரண்டிஸ் என்பவர் 'டிரெய்னி'யே, தொழிலாளி அல்லர் என்றது. ஒரு சொல்லை விளக்க வந்த மற்றொரு சொல், அவரைத் தொழிலாளர் சட்டங்களின் வெளியே நிறுத்திவிட்டது! 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும் தொழிலாளி என்னும் வரையறையிலிருந்து அப்ரண்டிஸை விலக்கியுள்ளது.

1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் ஏதுமின்றி 'டிரெய்னி' என்று மட்டும் அழைக்கப்படுபவர் நிலை வேறு. தகராறு எழுந்தால், நீதிமன்றம் பெயரோடு நில்லாமல், அவர் உண்மையில் பயின்றாரா, உற்பத்தி வேலை செய்தாரா என்பதை ஆராயும். ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற உரிமைகள் அவ்விடையைச் சார்ந்தவை.

தமிழிலோ குழப்பம் மிகுதி. அணிக்குக் கற்பிப்பவரும் 'பயிற்சியாளர்', ஆலையில் கற்பவரும் 'பயிற்சியாளர்'. அப்ரண்டிஸுக்குத் 'தொழிற்பழகுநர்' என்னும் நல்ல சொல் அரசு வழக்கிலேயே உண்டு. பழகுதல் கற்பவரின் செயலாக அதில் நிற்கிறது. டிரெய்னியைப் 'பயிற்சி பெறுநர்' எனலாம். இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தால், தம் உரிமையை எச்சட்டத்தில் தேடுவது என்பதே அவ்விளைஞர்க்குப் புலப்படாது. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.